படகு கூப்பிட்டால் ஓடிவர ஆள் வேண்டும்: பாலிகாட்டன் பற்றி நீங்கள் கேட்டவை

சென்ற இதழில், அயர்லாந்தின் தென்கரையில் இருக்கும் பாலிகாட்டன் என்ற சின்ன மீன்பிடி ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருந்த காலத்தில், அந்த ஊரில்தான் வாடகைக்குக் குடியிருந்தேன். காங்கேயத்து மேட்டுக்காட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். கடல் என்றால் படத்தில் பார்த்ததுதான். அந்த ஊரைப் பற்றி இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடிதம் போட்ட எல்லோருக்கும் நன்றிங்க. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

*அந்த ஊர் சரியாக எங்கே இருக்கிறது? எத்தனை குடும்பம் இருக்கும்? எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?*
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காங்கேயம்

கார்க் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். மிடில்டன், க்ளாய்ன் என்ற ஊர்களைத் தாண்டி, பச்சைப் பசேலென்ற புல்வெளியும் பார்லிக் காடுமாகப் போய்க்கொண்டே இருப்போம். சட்டென்று நிலம் முடிந்துவிடும். அங்கே மேட்டின் மேல் ஒரே ஒரு நீளத் தெரு. அதன் கடைசியில் பள்ளத்தில் இறங்கினால் துறை. மொத்தமே 500 பேர் சொச்சம்தான். நம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஊர் அளவு.

இப்போது நாம் பார்க்கிற ஊர் பழைய ஊர் இல்லை. பழைய பாலிகாட்டன் இன்னும் கீழே, கடலை ஒட்டி இருந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து அதை எடுத்துக்கொண்டது. ஜனங்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள். அந்தப் பக்கத்துக் கரை கெட்டிப் பாறை இல்லை, பல இடத்தில் வெறும் களிமண். பெரிய அலை அடித்த மறுநாள் நடந்து போனால், நேற்றிருந்த வேலிக்கால் இன்று அந்தரத்தில் தொங்கும்.

பிழைப்பு என்றால் அந்தக் காலத்தில் முழுக்க மீன்தான். இன்றும் துறையில் படகுகள் உண்டு. நண்டுக்கும் லாப்ஸ்டருக்கும் போடும் கூண்டுகள் சுவரோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிக்கிற ஆசையில் வெளியூர்க்காரர்கள் வருவது அங்கே 100 வருஷப் பழக்கம். ஆனால் இன்றைக்குப் பாதிக்கு மேற்பட்டவர்கள் காலையில் காரை எடுத்துக்கொண்டு மிடில்டனுக்கோ கார்க்குக்கோ வேலைக்குப் போகிறவர்கள்தான்.

*நீங்கள் போட்ட படத்தில் கலங்கரை விளக்கம் கறுப்பாக இருக்கிறதே, வெள்ளையாகத்தானே இருக்கும்?*
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஊத்துக்குளி

நல்லாக் கவனித்திருக்கிறாய் கண்ணு. இரவில் ஒளியின் விட்டுவிட்டு எரியும் கணக்கை வைத்து இது எந்த விளக்கு என்று மாலுமி கண்டுபிடிப்பார். பகலில் கோபுரத்தின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பக்கத்துக் கோபுரங்களோடு குழம்பாமல் இருக்க இதற்குக் கறுப்பு. அயர்லாந்திலேயே கறுப்புக் கோபுரங்கள் இரண்டுதான். இன்னொன்று மேற்குக் கரையில், கால்வே பக்கம் ஸ்லைன் முனையில் இருக்கிறது.

இந்த விளக்கு வந்ததற்கு ஒரு கப்பல் காரணம். 'சிரியஸ்' என்ற அந்தக் கப்பல் 1838 ஏப்ரலில் கார்க்கிலிருந்து கிளம்பி, முழுக்க நீராவியிலேயே அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தது. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அதே கப்பல் 1847 ஜனவரியில், பனிமூட்டத்தில், பாலிகாட்டன் வளைகுடாவின் பாறையில் மோதி உடைந்தது. 20 பேர் அளவில் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஊருக்கு எதிரே உள்ள தீவில் கோபுரம் கட்டி 1851-இல் விளக்கு ஏற்றினார்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டவர்கள் முதலில் குடும்பத்தோடு அந்தத் தீவிலேயே இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள், கடல் விட்டால் படகில் பள்ளிக்கூடம் வருவார்கள். விடாத நாள் லீவு. பின்னால் குடும்பங்களை ஊருக்குள் குடிவைத்தார்கள். 1992-இல் விளக்கு தானியங்கி ஆனது, கடைசிக் காவலர்களும் கரையேறிவிட்டார்கள்.

*ஆபத்தில் இருக்கிறவர்களைக் கடலில் போய்க் காப்பாற்ற ஊர்க்காரர்களே படகு வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சம்பளம் இல்லாமல் எப்படிங்க போகிறார்கள்? செலவை யார் கொடுக்கிறது?*
– கைத்தறி நெசவாளர், சென்னிமலை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அண்ணா. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படகு அரசாங்கத்தினுடையது இல்லை. 1824-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓர் உயிர்காப்புப் படகுச் சங்கம் இருக்கிறது. பாலிகாட்டனில் அதன் நிலையம் 1858-இல் வந்தது. 1922-இல் அயர்லாந்து தனி நாடானபோது எத்தனையோ பிரிந்தன. இந்தச் சங்கத்தை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. இன்றும் இரண்டு நாட்டுக் கரைகளுக்கும் அதே சங்கம்தான், அயர்லாந்துத் தீவில் மட்டும் 40-க்கு மேற்பட்ட நிலையங்கள். பணத்தில் பெரும்பகுதி மக்கள் கொடுப்பது: கடைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் படகு வடிவத்தில் உண்டியல் இருக்கும், உயில் எழுதி வைப்பார்கள், கேக் சுட்டு விற்றுக் கொடுப்பார்கள். எஞ்சினைப் பார்க்கும் மெக்கானிக் போல ஓரிருவர் சம்பளத்துக்கு. மற்றவர்கள் எல்லாம் சும்மாதான். மீனவர், தச்சர், வாத்தியார், கடைக்காரர். இப்போது பெண்களும் படகில் போகிறார்கள்.

எப்படிப் போகிறார்கள் என்றால், நம் பக்கம் கிணற்றில் ஆள் விழுந்துவிட்டால் எப்படிப் போவோமோ அப்படித்தான். கடப்பாரையைப் போட்டுவிட்டு, நீச்சல் தெரிந்தவன், கயிறு வைத்திருப்பவன், சும்மா நின்றவன் எல்லாம் ஓடுகிறோம் இல்லையா? கூலி எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. அங்கே அதை ஒழுங்காக, பயிற்சி கொடுத்து, படகும் உடுப்பும் கொடுத்து, 160 வருஷத்துக்கு மேலாக நடத்துகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் ஞாயிறு பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்த ஒருவரின் இடுப்பில் பேஜர் (படகுக்கு ஆள் கூப்பிடும் சின்னக் கருவி) அடித்தது. அவர் எழுந்தார், பக்கவரிசையில் இன்னொருவர் எழுந்தார், கதவோரம் ஒரு பெண். மூன்று பேரும் ஓடவில்லை, கதவு வரைக்கும் வேகமாக நடந்தார்கள். வெளியே போன பிறகுதான் காலடிச் சத்தம் ஓட்டமாகக் கேட்டது. சாமியார் ஒரு நிமிஷம் நிறுத்தி, கடலில் இருக்கிறவர்களுக்காக ஒரு மன்றாட்டு சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். பக்கத்தில் இருந்த பாட்டி, அந்தப் பெண் விட்டுப்போன குழந்தையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அந்த ஊரின் பெரிய கதை 1936 பிப்ரவரியில் நடந்தது. கார்க் துறைமுக வாசலுக்கு வெளியே டான்ட் பாறை என்று ஒன்று உண்டு. கோபுரம் கட்ட முடியாத இடம். அதனால் 'காமெட்' என்ற விளக்குக் கப்பலை அங்கே நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். மேலே விளக்கு, உள்ளே எட்டுப் பேர். தானாக நகர எஞ்சின் கிடையாது. அந்த வாரம் தென்கிழக்கிலிருந்து அடித்த புயலில் கப்பல் நங்கூரத்தை அறுத்துக்கொண்டது. பாலிகாட்டனில் துறைச்சுவரிலிருந்து டன் கணக்கு எடையுள்ள கற்களை அலை பெயர்த்து எறிந்துகொண்டிருந்தது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 195 அடி மேலே இருக்கும் கலங்கரை விளக்கின் மீதும் நுரை தெறித்ததாம். தந்திக் கம்பி, போன் எல்லாம் அறுந்துவிட்டன. 11-ஆம் தேதி காலையில் சேதியை யாரோ காரில்தான் கொண்டுவந்தார்கள்.

படகுத் தலைவர் பேட்ரிக் ஸ்லைனி. படகு கிளம்பும்போது ஊரைக் கூட்ட வெடி போடுவது வழக்கம். அன்றைக்கு அவர் வெடி போடச் சொல்லவில்லை. அந்தக் கடலைப் பார்த்துவிட்டு ஊர் பயந்து போகும் என்று, சத்தமில்லாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். படகின் பெயர் 'மேரி ஸ்டான்ஃபோர்ட்'. படகில் இருந்த ஏழு பேரில் நாலு பேர் ஸ்லைனி வீட்டார், மூன்று பேர் வால்ஷ் வீட்டார். பேட்ரிக்கின் மகனும் அதில் ஒருவன். துறையில் நின்று பார்த்தவர்கள் படகு மறைந்ததும் நேரே கோவிலுக்குப் போய் மண்டியிட்டார்கள்.

விளக்குக் கப்பலைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. கண்டுபிடித்த பிறகும் கப்பலில் இருந்தவர்கள் இறங்க மறுத்தார்கள். காரணம் என்ன தெரியுங்களா? தாங்கள் இறங்கிவிட்டால், இடம் மாறி நிற்கிற கப்பலை நம்பி வேறு கப்பல்கள் பாறையில் மோதிவிடும் என்று. அதனால் மேரி ஸ்டான்ஃபோர்ட் இரவெல்லாம் அதன் பக்கத்திலேயே காவல் நின்றது. பெட்ரோலுக்கு மட்டும் கோவ் துறைமுகத்துக்குப் போய்வந்தது. 13-ஆம் தேதி பொழுதோட காற்று திசை மாறி, கப்பல் டான்ட் பாறைக்கு 60 கெஜ தூரத்துக்கு வந்துவிட்டது. இனி இறக்கியே ஆகவேண்டும்.

கும்மிருட்டு. கப்பல் முன்னும் பின்னும் எகிறுகிறது. ஸ்லைனி முழு வேகத்தில் படகைக் கப்பலோடு ஒட்டுவார். ஒரு நொடி நிற்கும். குதிக்க முடிந்தவர் குதிக்கவேண்டும். உடனே படகைப் பின்வாங்கவேண்டும், இல்லாவிட்டால் கப்பல் படகின் மேலேயே விழுந்துவிடும். முதல் தடவை ஒருவர் குதித்தார். இரண்டாவது தடவை யாராலும் முடியவில்லை. மூன்றாவது தடவை ஐந்து பேர். நாலாவது தடவை கப்பல் படகின் மேல் இடித்துக் கம்பிகளை நொறுக்கியது. ஐந்தாவதும் வீண். மீதி இரண்டு பேர் கப்பல் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை; களைப்பில் கை அப்படியே இறுகிவிட்டது. ஆறாவது தடவை படகில் இருந்தவர்கள் முன்னால் போய், அவர்களைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

படகு ஊரை விட்டுப் போய்த் திரும்பி வர 76 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதில் கடலில் மட்டும் 49 மணி நேரம். தொடர்ந்து 25 மணி நேரம் சாப்பாடு இல்லை. தூக்கம் மொத்தமாக மூன்று மணி நேரம். திரும்பியபோது எல்லோர் கையும் உப்புத்தண்ணீர் பட்டுப் புண்ணாகியிருந்தது. ஸ்லைனிக்குச் சங்கத்தின் தங்கப் பதக்கம். ஜான் லேன் வால்ஷுக்கும் எஞ்சினைப் பார்த்த தாமஸ் ஸ்லைனிக்கும் வெள்ளி. மற்ற நாலு பேருக்கும் வெண்கலம்.

அப்புறம் அந்தப் படகு? 1959 வரைக்கும் ஊரில் வேலை செய்தது. பிறகு கைமாறிக் கைமாறி, கடைசியில் டப்ளினில் ஒரு கால்வாய்த் துறையில் மட்கிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் குழு சேர்ந்து, பணம் திரட்டி, 2014-இல் லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து சீர்செய்து, துறைக்கு மேலே கடலைப் பார்த்தாற்போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பலகையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு லாரி நீளம்தான் இருக்கும். இதில் போயா அதைச் செய்தார்கள் என்று தோன்றும்.

*சாவு வீட்டுக்கு ஊரே வரும் என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளைக்காரர்கள் அழைப்பு இல்லாமல் எங்கேயும் போகமாட்டார்கள் என்றல்லவா கேள்விப்பட்டேன்?*
– வாசகி, அந்தியூர்

அயர்லாந்தில் அப்படியில்லை அம்மா. யாராவது தவறிவிட்டால், உள்ளூர் வானொலியில் காலையில் பேரை வாசிப்பார்கள். இப்போது இணையத்திலும் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் அடக்கம். முதல் நாள் பொழுதோட உடலை வீட்டிலோ அதற்கென்று உள்ள கூடத்திலோ வைத்திருப்பார்கள். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், செத்தவரோடு நாற்பது வருஷத்துக்கு முன்னால் படித்தவர், பால் வாங்கினவர் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். மழையானாலும் வரிசை கலையாது. உள்ளே போய் வீட்டார் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன்" என்று ஒரே வாக்கியம். வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. பேசத் தெரியாதவருக்கும் அது போதும். நான் கவனித்துக்கொண்ட ஒரு பெரியவர் இறந்தபோது நானும் அந்த வரிசையில் நின்றேன். அவர் மகள் என் கையை விடவேயில்லை. எனக்குப் பின்னால் வரிசை அப்படியே நின்றது, யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதற்குள் அக்கம்பக்கத்தார் வீட்டார் சொல்லாமலேயே அடுப்படியைக் கையில் எடுத்திருப்பார்கள். தட்டு தட்டாக ரொட்டித் துண்டுகள், பெரிய பாத்திரத்தில் டீ. யார் வீட்டுக் கோப்பை யாருடையது என்று பிறகு பிரித்துக்கொடுக்கவே ஒரு நாள் ஆகும். ஒரு மாதம் கழித்து அவர் பேரில் ஒரு பூசை உண்டு, அதற்கும் வருவார்கள்.

*எங்கள் ஊரில் நாள்தோறும் சினிமா ஷூட்டிங். அங்கேயும் உண்டா?*
– கடைக்காரர், கோபிசெட்டிபாளையம்

உண்டு, ஆனால் வருத்தமான கதை. 1995 கோடையில் மார்லன் பிராண்டோ, ஜானி டெப், டெப்ரா விங்கர், ஜான் ஹர்ட் என்று பெரிய பெரிய ஆட்கள் ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் பாலிகாட்டனில் வந்து இறங்கினார்கள். வீடுகளுக்கு வர்ணம் பூசினார்கள், வாடகைக்கு வீடு பேசினார்கள், ஊர்க்காரர்கள் பலர் கூட்டத்தில் நடித்தார்கள். இரண்டு வாரம்கூடச் சரியாக ஓடவில்லை. பணம் போடுவதாகச் சொன்ன இடத்திலிருந்து பணம் வரவில்லை, படம் அப்படியே நின்றுபோனது. பாக்கி வராதவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். கொடிவேரியில் நெல்வயலை வாடகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: முன்பணம் வாங்காமல் வரப்பில் கால்வைக்க விடாதீர்கள்.

*அயர்லாந்துப் பஞ்சம் பற்றிப் பாடத்தில் இரண்டு வரி வருகிறது. அந்த ஊரில் அதன் நினைவு ஏதாவது இருக்கிறதா?*
– கல்லூரி மாணவி, ஈரோடு

1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. ஏழைக் குடியானவர்களுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. தொடர்ந்து சில வருஷம் விளைச்சல் போனது. பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறிவிட்டார்கள். 1841-இல் தீவின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். இன்றுவரைக்கும் அந்த எண்ணிக்கையைத் திரும்ப எட்டவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் தானியமும் வெண்ணெயும் மாடும் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. உனக்கு இது எங்கேயோ கேட்டமாதிரி இருக்கும். 1876 முதல் 78 வரை நம் தாது வருஷப் பஞ்சம். சேலமும் கோயமுத்தூர் ஜில்லாவும் அதில் கடுமையாக அடிபட்டவை. அப்போதும் ஆண்டது அதே பிரிட்டிஷ் அரசாங்கம், அப்போதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றுமதியானது. உன் பாட்டியிடம் கேட்டுப்பார். அவர் பாட்டியின் வாயால் ஏதாவது கேட்டிருப்பார். கேட்டதை எழுதி வை.

பாலிகாட்டனிலிருந்து அரைமணி தூரத்தில் மிடில்டன் பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒன்பது எஃகு இறகுகள், ஒவ்வொன்றும் 20 அடி உயரம், வட்டமாக மேல்நோக்கி நிற்கும். 1847-இல் அமெரிக்காவின் பூர்வகுடிகளான சோக்டா மக்கள், அயர்லாந்துப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டு 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அதற்குப் பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால்தான் அவர்களையே தங்கள் மண்ணிலிருந்து அடித்துத் துரத்தியிருந்தார்கள்; வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் அனுப்பிய பணம் அது. 2020-இல் கொரோனா வந்து நவஹோ, ஹோபி பூர்வகுடிகள் தவித்தபோது, அயர்லாந்துக்காரர்கள் சோக்டாவின் பேரைச் சொல்லிச் சொல்லிப் பணம் அனுப்பினார்கள். அந்த இறகுகளுக்குள் நின்று மேலே பார்க்கும்போது எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கு வெட்கமில்லை.

கோவ் துறைமுகமும் பக்கம்தான். 1848-இலிருந்து 1950 வரை அந்த ஒரு துறையிலிருந்து மட்டும் 25 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். டைட்டானிக் கடைசியாக நின்று ஆளேற்றியதும் அங்கேதான், 1912 ஏப்ரல் 11. துறையில் ஆனி மூர் என்ற பெண்ணின் சிலை இருக்கிறது, இரண்டு தம்பிகளோடு. 1892 ஜனவரி 1-ஆம் தேதி, குடியேற வருகிறவர்களைச் சோதித்து அமெரிக்காவுக்குள் விடும் நியூயார்க் எல்லிஸ் தீவைத் திறந்த அன்று அதன் வழியாக முதல் ஆளாக உள்ளே போனது அவள்தான்.

*சாப்பாடு எப்படி? உப்புச் சப்பு இருக்குமா?*
– வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பவர், பொள்ளாச்சி

உப்பு இருக்கும், காரம் கிடையாது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார்: மர்ட்டில் ஆலன். பாலிகாட்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாலிமலூ என்ற பண்ணைவீடு. விவசாயி ஒருவரின் மனைவி. 1964-இல் தன் வீட்டுச் சாப்பாட்டு அறையையே உணவகமாகத் திறந்தார். அன்றைக்குப் பாலிகாட்டன் துறையில் என்ன மீன் இறங்கியதோ, தோட்டத்தில் என்ன காய் பறித்தார்களோ, அதுதான் அன்றைய பட்டியல். பாரிஸ் சமையலைக் காப்பியடிப்பதுதான் நாகரிகம் என்றிருந்த காலத்தில் இதைச் செய்தார். 1975-இல், நல்ல உணவகங்களுக்குக் கொடுக்கும் மிஷலின் நட்சத்திரம் வாங்கினார். 2018-இல் 94 வயதில் காலமானார். அவர் தொடங்கியது இன்றும் நடக்கிறது, பக்கத்திலேயே சமையல் பள்ளியும் இருக்கிறது. அரிசியம்பருப்புச் சோற்றையும் கொள்ளுப் பருப்பையும் கல்யாண மண்டபத்தில் போட வெட்கப்படுகிறவர்களுக்கு அவர் கதையை நான் எப்போதும் சொல்வேன். நீங்கள் தைரியமாக அதையே சமைத்து விற்றுப் பாருங்கள் தங்கச்சி.

*விளையாட்டு?*
– கபடி வீரர், பவானி

ஹர்லிங். வேப்பங்கொம்பு கனத்தில் ஆஷ் மரத்து மட்டை, சின்னப் பந்து, பதினைந்து பேர் ஒரு பக்கம், பார்க்கவே நெஞ்சு படபடக்கும். 1884-இல் தொடங்கிய சங்கத்தின் கீழ் நாடு முழுக்க ஒவ்வொரு பங்குக்கும் (ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர்ப்பகுதிக்கும்) ஒரு குழு. பாலிகாட்டன், ஷானகேரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரஸ்ஸல் ரோவர்ஸ். 2020 ஜனவரியில் அவர்கள் ஜூனியர் பிரிவில் டப்ளின் குரோக் பார்க்கில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் வரை போய்விட்டுத் தோற்று வந்தார்கள். 82,000 பேர் உட்காரும் மைதானம் அது. அங்கே விளையாடுகிற பெரிய நட்சத்திரத்துக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும்.

*நானும் நர்ஸ்தான் அக்கா. அயர்லாந்து போக முயற்சி செய்கிறேன். நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?*
– கோயமுத்தூர்

முதலில் ஆங்கிலத் தேர்வை முடி, அயர்லாந்து நர்சிங் கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பி. ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியின் பேரை நீயே விசாரி. கேரளத்துப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், துணை கிடைக்கும். சேர்த்துக்கொள்வார்களா என்றால், பெரிய ஊரில் உன்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். சின்ன ஊரில் எல்லோரும் கவனிப்பார்கள். முதல் குளிர்காலம் கஷ்டம்: நாலரை மணிக்கே இருட்டிவிடும், மழை நிற்காது, ஓவென்று காற்று. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே. சர்ச்சில் டீ போடுகிற கூட்டத்துக்கோ, படகுக்குப் பணம் திரட்டுகிறவர்களிடமோ போய், நான் என்ன செய்யட்டும் என்று கேள். எனக்குக் கேக் வெட்டுகிற வேலை கொடுத்தார்கள். அதற்கப்புறம் தெருவில் என் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிறத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அப்படிப் பேசினால் வேலையிடத்தில் எழுத்தில் புகார் கொடு, சும்மா விடாதே.

*இவ்வளவு அழகான ஊரில் இளம் பிள்ளைகள் தங்குகிறார்களா, இல்லை நம் ஊர் மாதிரி எல்லோரும் கிளம்பிவிடுகிறார்களா?*
– விவசாயி, பெருந்துறை

உங்கள் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது ஐயா. பிள்ளைகள் தங்க ஆசைப்படுகிறார்கள். வீடு கிடைப்பதில்லை. கடல் தெரிகிற வீடு என்றால் நகரத்துக்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ஜூலையில் தெரு நிறைய கார். ஜனவரியில் தெருவில் நடந்தால் வரிசையாக இருட்டு வீடுகள். அயர்லாந்தின் கடலோரம் முழுக்க இந்தக் குறை இருக்கிறது. மூடிக்கிடந்த பழைய புராட்டஸ்டன்ட் தேவாலயம் ஒன்றைக் கச்சேரி அரங்காக மாற்றியிருக்கிறார்கள்; கோபுரத் தீவுக்குப் படகில் ஆள் கூட்டிப் போகிறார்கள். இதனால் கொஞ்சம் வேலை வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வருகிற பையன் பத்து மைல் தள்ளி வாடகைக்கு இருக்கிறான்.

மற்ற ஊருக்கு இது வீட்டுப் பிரச்சினை மட்டும். பாலிகாட்டனுக்கு அப்படியில்லை. பேஜர் அடித்த சில நிமிஷத்துக்குள் துறைக்கு வந்து சேரக்கூடிய தூரத்தில் குடியிருக்கிறவர்கள்தான் படகில் போகமுடியும். இன்றைய படகு 1936-இன் படகை விட மூன்று மடங்கு வேகம், ராடாரும் மற்றதும் உண்டு. அதில் ஏற ஆள் வேண்டும். ஸ்லைனிக்குத் தெருவைத் தாண்டினால் ஆறு பேர் கிடைத்தார்கள். என் வீட்டுக்காரம்மா ஒரு வேலை செய்தார்: விடுமுறைக்காரர்களுக்குக் கொடுத்தால் ஒரு கோடையிலேயே ஒரு வருஷ வாடகையைச் சம்பாதிக்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், நான் காலி செய்த வீட்டைப் படகுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு இளம் ஜோடிக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். போன மாதம் போனில் பேசினேன். இரண்டு பேரும் பயிற்சியை முடித்துவிட்டார்களாம். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களிடம் இந்தம்மா பேசிக்கொண்டிருக்கிறார்.